பேட்டரி ஒயரைக் கழற்றும்போது எந்தப் பக்கம் முதலில்?

கேள்வி: வணக்கம் ஐயா. குடும்பத்தோடு ஒரு மாதம் வெளியூர் போகிறோம். கார் வீட்டிலேயேதான் நிற்கும். போன தடவை மூன்று வாரம் கழித்து வந்து பார்த்தால் செல்ஃப் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து ஒயர் போட்டுத்தான் கிளப்பினோம். அதனால் இந்த முறை பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம் என்று இருக்கிறேன். பிளஸ்ஸை முதலில் கழற்று என்கிறார் அண்ணன். மைனஸ்தான் முதலில் என்கிறார் மாமனார். யார் சொல்வது சரி? திரும்ப மாட்டும்போது பொறி வருகிறதே, அது ஆபத்தா? வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டெர்மினலைக் கழற்றிப் பார்த்தால் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும் என்கிறார் நண்பர் ஒருவர். செய்து பார்க்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: செய்யவே கூடாது. காரணம் பிறகு. மற்றதில் உங்கள் மாமனார் சொன்னதுதான் சரி. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். ஆனால் இதை வெறும் விதியாக மனப்பாடம் செய்தால் ஆறு மாதம் கழித்துத் தலைகீழாக ஞாபகம் வரும். அண்ணனுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும். காரணம் தெரிந்துவிட்டால் மறக்காது.

இன்றைய கார்களில் பேட்டரியின் மைனஸ் ஒயர் நேராக வண்டியின் பாடியில் முடுக்கப்பட்டிருக்கும். இன்ஜின், சேஸி, பானெட், ஃபெண்டர் என்று நீங்கள் கை வைக்கும் வெற்று இரும்பு எல்லாமே மைனஸ்தான். விளக்குக்கும் ஹாரனுக்கும் போகும் மின்சாரம் ஒயர் வழியாகப் போய் பாடி வழியாகத்தான் திரும்பி வருகிறது. இப்போது மைனஸ் மாட்டியிருக்கும்போதே பிளஸ் நட்டைத் திருப்புகிறீர்கள் என்று வையுங்கள். பேட்டரியைச் சுற்றி இடம் குறைவு. ஸ்பேனரின் மறுமுனை எங்காவது பாடியில் பட்டால் போதும், பிளஸ்ஸையும் மைனஸையும் நீங்களே ஸ்பேனரால் இணைத்துவிட்டீர்கள். செல்ஃப் அடிக்கும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் இழுப்பதே 100, 200 ஆம்பியர். நேரடி ஷார்ட்டில் நல்ல பேட்டரி அதைப்போலப் பல மடங்கு கொடுக்கும். ஸ்பேனர் பட்ட இடத்திலேயே வெல்டிங் ஆகி ஒட்டிக்கொள்ளும், டெர்மினலின் ஈயம் உருகித் தெறிக்கும், கை வெந்துபோகும்.

அதே ஸ்பேனரை மைனஸ் நட்டில் போட்டுத் திருப்பும்போது பாடியில் பட்டால் ஒன்றுமே ஆகாது, ஏனென்றால் இரண்டும் ஒரே பக்கம். மைனஸைக் கழற்றிய பிறகு பிளஸ்ஸில் வேலை செய்யும்போது பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மின்சாரம் திரும்பிப் போக வழியே இல்லை. மாட்டும்போது பிளஸ்ஸை முதலில் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஆக, விதி உண்மையில் மைனஸைப் பற்றியதே அல்ல. பாடியோடு சேர்ந்திருக்கும் பக்கத்தைப் பற்றியது. 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பிளஸ்தான் பாடியில் கொடுக்கப்பட்டிருந்தது. அப்படி ஒரு பழைய வண்டி கையில் கிடைத்தால் அதில் பிளஸ்தான் முதலில் கழற்ற வேண்டும். ஒயர் எங்கே போய் முடிகிறது என்று கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள், குழப்பமே வராது.

இந்த வரிசை ஒரே ஒரு விபத்தை மட்டும் தடுக்காது. ஸ்பேனர் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே விழுந்தால் எந்த ஒயர் கழன்றிருந்தாலும் ஷார்ட்தான். அதனால் நீளமான ஸ்பேனர் வேண்டாம். குட்டையான ரிங் ஸ்பேனர் எடுத்து, பிடிக்கும் பகுதியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். பெரும்பாலான வண்டிகளில் 10 எம்எம் பொருந்தும். சிலவற்றில் 8 அல்லது 13. வேலை முடியும்வரை பிளஸ் மேலிருக்கும் ரப்பர் மூடியை எடுக்காதீர்கள். மூடி இல்லையென்றால் காய்ந்த தடித்த துணியைப் போட்டு மூடுங்கள். மோதிரம், கைச்செயின், உலோகக் கடிகாரம் மூன்றையும் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். மோதிரம் ஸ்பேனருக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டினால் ஓரிரு நொடியில் பழுத்துவிடும், கழற்ற நேரம் கிடைக்காது. எங்கள் தொழிலில் கல்யாண மோதிரம் போடாதவர்கள் அதிகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு விஷயம். உங்கள் வேலைக்கு நீங்கள் பிளஸ் பக்கம் போகவே தேவையில்லை. மைனஸ் ஒன்றைக் கழற்றினாலே சர்க்யூட் அறுந்துவிடும்; வண்டி நிற்கும்போது பேட்டரியிலிருந்து எதுவும் இழுக்க முடியாது. பேட்டரியையே வெளியே எடுக்கும்போதுதான் பிளஸ்ஸைத் தொட வேண்டும். இப்போது வரும் பல வண்டிகளில் பிளஸ் கிளாம்ப்பின் (ஒயரை பேட்டரி முனையில் கவ்வும் பிடியின்) மேலேயே பெரிய ஃப்யூஸ் பெட்டி உட்கார்ந்திருக்கும். அதை அநாவசியமாக அசைக்காமல் இருப்பதே நல்லது.

எது மைனஸ் என்பதை ஒயரின் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். முன்பு யாராவது ஒயர் மாற்றியிருந்தால் இரண்டுமே கறுப்பாக இருக்கலாம். பேட்டரியின் மேல் அச்சடித்திருக்கும் கூட்டல், கழித்தல் குறியைப் பாருங்கள். அழுக்கில் குறி தெரியாவிட்டால் இரண்டு முனைகளின் பருமனை ஒப்பிடுங்கள். பிளஸ் கொஞ்சம் தடிமனாக இருக்கும். மாற்றி மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அப்படியும் சிலர் சுத்தியால் தட்டி மாற்றி மாட்டிவிடுகிறார்கள். ஒரு நொடி மாற்றிப் பட்டாலே போதும், மெயின் ஃப்யூஸும் ஆல்டர்னேட்டரின் டயோடுகளும் போய்விடும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவும் சேர்ந்து போனால் செலவு எங்கேயோ நிற்கும்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் சில ஏற்பாடுகள் உண்டு. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் போக முடியாமல் தவித்து எனக்குப் போன் செய்பவர்கள்தான் அதிகம், ஷார்ட் ஆகிப் போன் செய்பவர்கள் குறைவு. பேட்டரி இல்லையென்றால் ரிமோட் வேலை செய்யாது, சென்ட்ரல் லாக் வேலை செய்யாது. சாவி ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியை வெளியே எடுத்து, டிரைவர் கதவை அதால் பூட்டித் திறந்து ஒரு தடவை சரிபாருங்கள். வருடக்கணக்கில் தொடாத பூட்டு இறுகியிருக்கலாம். பேட்டரி டிக்கியில் இருக்கும் வண்டி என்றால், டிக்கி மின்சாரத்தில் மட்டும் திறப்பதா என்று பாருங்கள். அப்படியானால் ஒயரைக் கழற்றிய பிறகு டிக்கியை மூடாதீர்கள். எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியில் மின்சாரம் இல்லாமல் அதை விடுவிக்க முடியாது. ஆட்டோமேட்டிக் கியர் 'பி'யிலிருந்து நகராது. வண்டியைத் தள்ள வேண்டியிருக்கும் இடமாக இருந்தால் அதை யோசித்து நிறுத்துங்கள். அலாரமும் தூங்கிவிடும் என்பதை மறக்க வேண்டாம். சில பழைய மியூசிக் சிஸ்டங்களுக்கு ரகசிய எண் உண்டு. அது கையில் இல்லையென்றால் திரும்பி வந்ததும் பாட்டு கிடையாது.

கழற்றும் விதம் இதுதான். எல்லா விளக்கும், ஏசியும், மியூசிக்கும் அணைத்து, இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். சாவியை எடுத்த உடனே இன்றைய வண்டி தூங்கிவிடுவதில்லை. உள்ளே கம்ப்யூட்டர்கள் கொஞ்ச நேரம் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும். பிறகு மைனஸ் நட்டைத் தளர்த்தி, கிளாம்ப்பை இடவலமாக மெல்லத் திருகிக்கொண்டே மேலே தூக்குங்கள். வரவில்லையென்று ஸ்க்ரூ டிரைவரை நெம்புகோலாக வைத்து நெம்பாதீர்கள், சுத்தியால் தட்டாதீர்கள். பேட்டரி முனை மென்மையான ஈயம். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே இணைப்பு விரிசல் விட்டுவிடும். நட்டை முழுதாகத் தளர்த்திக் கிளாம்ப்பின் வாயைக் கொஞ்சம் அகட்டினால் பெரும்பாலும் வந்துவிடும். அப்படியும் வராததற்குப் புல்லர் என்ற இழுப்பான் கருவி இருக்கிறது. மைனஸ் கிளாம்ப்போடு ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டி ஒட்டியிருந்தால், அது பேட்டரி சென்சார். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியுள்ள (சிக்னலில் இன்ஜின் தானே நின்று கிளம்பும்) வண்டிகளில் அனேகமாக இருக்கும். கிளாம்ப்பைப் பிடித்துத் தூக்குங்கள், அந்தப் பெட்டியைப் பிடித்து அல்ல.

கழன்ற ஒயர் ஸ்பிரிங் மாதிரி பழைய இடத்துக்கே திரும்பி வரப் பார்க்கும். அது போய் முனையைத் தொட்டுத் தொட்டு விலகினால், கழற்றாமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும். கிளாம்ப்பைத் துணியில் சுற்றி, பக்கவாட்டில் ஒதுக்கிக் கட்டிவிடுங்கள்.

இனி பொறி. மைனஸைக் கடைசியில் மாட்டும் நொடியில் ஒரு சின்னப் பொறி வருவது இயல்பு. கம்ப்யூட்டர்களுக்குள் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்கள் காலியாக இருந்து ஒரே மூச்சில் நிரம்புகின்றன. கதவு திறந்திருந்தால் உள் விளக்கும் எரியத் தொடங்குகிறது. அந்தப் பொறியால் வண்டிக்கு ஒன்றும் இல்லை. பொறி பெரிதாக, சத்தத்தோடு வந்தால் மட்டும் நிறுத்துங்கள். ஏதோ ஒன்று அணையாமல் இருக்கிறது, அல்லது ஒயர் மாறியிருக்கிறது.

பொறி ஆபத்தாவது அதைச் சுற்றியுள்ள காற்றால். பேட்டரி சார்ஜ் ஆகும்போது, குறிப்பாக நிரம்பும் நேரத்தில், அதில் உள்ள தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் வெளியேறும். காற்றில் ஹைட்ரஜன் வெறும் 4 சதவீதம் இருந்தாலே தீப்பற்றும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகோ சார்ஜரில் போட்டு எடுத்த உடனேயோ டெர்மினலில் கை வைக்காமல், பானெட்டைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் காற்றாட விடுவது இதனால்தான். ஹைட்ரஜன் லேசானது, திறந்த வெளியில் சட்டென்று மேலே போய்விடும். மூடிய ஷெட்டில்தான் கவலை. சார்ஜர் மாட்டியிருந்தால் முதலில் சுவிட்சை அணைத்து, பிறகுதான் கிளிப்பை எடுக்க வேண்டும். பேட்டரிக்குள் தண்ணீர் அளவு பார்க்கத் தீக்குச்சி கொளுத்திய ஆட்கள் உண்டு. வெடித்தால் பிளாஸ்டிக் துண்டோடு ஆசிடும் முகத்துக்கு வரும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னால் சிரிப்பார்கள், போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கந்தக அமிலம். தோலிலோ கண்ணிலோ பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். கண் என்றால் கழுவியபின் நேராக மருத்துவரிடம். சட்டையில் பட்டால் அப்போது தெரியாது, அடுத்த துவைப்பில் ஓட்டையாகத் தெரியும்.

போன தடவை ஒயர் போட்டுக் கிளப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அதிலும் கடைசி இணைப்பில்தான் பொறி வரும், அதனால் கடைசி இணைப்பைப் பேட்டரிக்கு அருகில் கொடுக்கக் கூடாது. சிவப்பு ஒயரை முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில் கொடுத்துவிட்டு, மறுமுனையை இறங்கிய வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத கனமான இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளிக் கவ்வ வையுங்கள். பாடி முழுக்க மைனஸ் என்பதால் அது போதும். எடுக்கும்போது அப்படியே தலைகீழ் வரிசை. இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று தொடக் கூடாது. விரிசல் விட்ட, வீங்கிய பேட்டரிக்கு இந்த வேலையே வேண்டாம்.

ஆல்டர்னேட்டர் சோதனைக்கு வருகிறேன். ஒரு காலத்தில் ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ வைத்த வண்டிகளில் பிறந்த வழக்கம் அது. எலக்ட்ரானிக்ஸ் ஒன்றும் இல்லாததால் தப்பித்துக்கொண்டிருந்தது. ஓடும் வண்டியில் ஆல்டர்னேட்டர் அனுப்பும் மின்சாரத்தை ஏற்றுச் சமன் செய்வது பேட்டரிதான். அதைத் திடீரென்று பிடுங்கினால், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் சுதாரிப்பதற்குள் வோல்டேஜ் எகிறும். தடுப்பு இல்லாத 12 வோல்ட் அமைப்பில் அது நூறு வோல்ட் வரைகூடத் தொடும். ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான், ஆனால் இசியூவையும் ஏர்பேக் மாட்யூலையும் கெடுக்க அது தாராளம். வண்டி ஆஃப் ஆகாமல் ஓடினால்கூட அதிலிருந்து உருப்படியாக எதுவும் தெரியாது. ஒரு மல்ட்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரி முனைகளில் பிடியுங்கள். இன்ஜின் நின்று சில மணி நேரம் ஆன பிறகு 12.6 இருந்தால் முழு சார்ஜ், 12.2 ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் காலி என்றே வையுங்கள். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5-க்குள் நின்றால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. புது வண்டிகள் சில சார்ஜிங்கைத் தாங்களே கூட்டிக் குறைக்கும். ஒரு நிமிடம் சற்றுக் குறைவாகக் காட்டினால் பதறாமல் ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள்.

திரும்பி வந்து மாட்டும்போது முதலில் முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருந்தால், ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து பழைய பிரஷால் தேய்த்துத் துடையுங்கள். நுரைக்கும், நுரை நின்றால் ஆசிட் தீர்ந்தது. அந்தத் தண்ணீர் பேட்டரி மூடி வழியாக உள்ளே இறங்கக் கூடாது. முனையும் கிளாம்ப்பின் உட்புறமும் பளிச்சென்று உலோகம் தெரிய வேண்டும். வேசலினை மாட்டி முடித்த பிறகு மேலே பூசுங்கள், முன்பே பூசிவிட்டு மாட்டாதீர்கள். கிளாம்ப்பைக் கையால் திருகினால் அசையாத அளவுக்கு இறுக்கினால் போதும். பலம் காட்டினால் ஈயம் நசுங்கும்.

மாட்டியதும் கடிகாரம், ரேடியோ ஸ்டேஷன்கள் போயிருக்கும். பவர் விண்டோ ஒரே தட்டில் ஏற மறுக்கலாம். முழுதாக ஏற்றி சுவிட்சைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் பல வண்டிகளில் சரியாகும். டேஷ்போர்டில் ஸ்டீயரிங் அல்லது ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். அதற்கும் அணையவில்லையென்றால் ஒர்க்ஷாப். ஐட்லிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகம்) முதல் நாள் கொஞ்சம் ஏறி இறங்கும், தானே கற்றுக்கொள்ளும்.

ஹைபிரிட் அல்லது எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி: மேலே எழுதியதெல்லாம் அதில் உள்ள சிறிய 12 வோல்ட் பேட்டரிக்கு மட்டும், அதுவும் கையேட்டைப் படித்துவிட்டு, ஆரஞ்சு நிற ஒயர் எதையும் தொடாதீர்கள்.

கடைசியாக, மூன்று வாரத்தில் பேட்டரி ஏன் இறங்கியது? நிற்கும் வண்டியும் கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு என்று சொல்லலாம். அந்த அளவில் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர் (Ah, அதாவது ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு), மூன்று வாரத்தில் 25. உங்கள் பேட்டரி 45 ஆம்பியர் அவர் என்றால் பாதிக்கு மேல் போயிருக்கும். பேட்டரிக்கு வயதாகியிருந்தால் செல்ஃப் எடுக்காததில் ஆச்சரியமே இல்லை. ஒரு வாரப் பயணத்துக்கு ஒயரைக் கழற்ற வேண்டியதில்லை. ஒரு மாதத்துக்குக் கழற்றுவது நியாயம். ஆனால் முழு சார்ஜில் கழற்றி வையுங்கள். இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்து, பிறகு சார்ஜ் ஏறாது.

போகும் முன்னும் வந்த பிறகும் மீட்டரில் வோல்டேஜ் பார்த்துக் குறித்து வையுங்கள். ஒயர் கழன்றிருந்தும் நன்றாக இறங்கியிருந்தால் பேட்டரியே தேய்ந்துவிட்டது. அப்படியே நின்றிருந்தால் வண்டியில் எங்கோ மின்சாரம் கசிந்துகொண்டிருக்கலாம். மீட்டரை 10 ஆம்பியர் அளவுக்கு மாற்றி, மைனஸ் முனைக்கும் கழற்றிய ஒயருக்கும் நடுவில் பிடித்து, வண்டி தூங்கும்வரை அரை மணி நேரம் காத்திருந்து பாருங்கள். மீட்டர் இருக்கும்போது சாவியைப் போட வேண்டாம், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கிப் பார்த்து, எதை எடுத்தபோது எண் சரிந்தது என்று எழுதி அனுப்புங்கள். அங்கிருந்து மேலே பார்க்கலாம்.